திடீர் செலவுக்குப் பணம்: சீட்டா, நகையா, வங்கியா, பட்டறை முன்பணமா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம் சேலத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் இதே பேச்சுதான். "சீட்டுல போட்டு வைடா" என்பார் ஒருவர். "அதுக்கு ரெண்டு கிராம் காசு எடுத்து வெச்சா ஏறிட்டே கெடக்கும்" என்பார் இன்னொருவர். "பேங்க்ல போட்டா என்னத்தக் குடுக்கறான், ரெண்டரை பர்சென்ட்டு" என்று மூன்றாமவர் உதட்டைப் பிதுக்குவார். மூன்று பேரும் பேசுவது எவ்வளவு கூடக் கிடைக்கும் என்பதை மட்டும்தான். திடீர் செலவுக்கென்று ஒதுக்கும் பணத்துக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் கட்சி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 60,000 ரூபாய் இருக்கிறது. பெரிய வங்கியின் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் 2.5 சதவீதத்தில் வருடத்துக்கு 1,500 ரூபாய். ஆறு சதவீதம் தரும் வைப்புநிதியில் போட்டால் 3,600. வித்தியாசம் 2,100, மாதத்துக்கு 175 ரூபாய். அந்தப் பணம் இல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாக அதே 60,000ஐ மூணு வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் 1,800 ரூபாய், வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும். எங்கே வைப்பது என்ற சண்டை 175 ரூபாய்ச் சண்டை. இருக்கிறதா இல்லையா என்பதுதான் 1,800 ரூபாய் விவகாரம்.

அதனால் வட்டியை ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டு கேள்வி கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்குத் தேவைப்பட்டால் எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும்? அதைக் கொடுக்க வேண்டியவர் அதே நேரத்தில் நம்மைப் போலவே சிக்கலில் இருப்பாரா? இரண்டாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஒரே தொழிலை நம்பித் தெருத் தெருவாக வாழும் சேலத்தில் அதுதான் பெரிய கேள்வி.

எது திடீர் செலவே இல்லை

ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், வீடு நிறையச் சொந்தம் வந்து உட்காரும். வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தேதி பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது. ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாட்களில் மொய் எழுத வேண்டும். நம் வீட்டு விசேஷத்தின் மொய் நோட்டை எடுத்துப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதுகூடத் தெரிந்துவிடும். தாய்மாமனாகப் போய் நிற்க வேண்டிய வீடு எது என்பதும் இரண்டு வருடம் முன்பே தெரியும். இவையெல்லாம் திடீரென்று வருவதில்லை. நாம் திடீரென்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்தச் செலவுகளின் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, வங்கியில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று போட்டு, மே கடைசியில் முதிர்கிற மாதிரி தொடங்கினால் போதும். இதைப் பிரித்துவிட்டாலே பல வீடுகளில் "எதிர்பாராத செலவு" பாதியாகக் குறைந்துவிடும். மிச்சம் இருப்பவைதான் உண்மையானவை: ஆஸ்பத்திரி, சாவு, தறி மோட்டார் புகைவது, வேலை நின்றுபோவது.

அந்த மிச்சத்திலும் இரண்டு வகை. ஒன்று ஒரு வீட்டுக்கு மட்டும் வருவது. குழந்தைக்கு டெங்கு, அப்பாவுக்கு நெஞ்சுவலி. மற்றது பேட்டைக்கே வருவது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறிச் சத்தம் நின்றது ஒரு வீட்டில் மட்டுமல்ல. 2025இல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனபோது, கொலுசு வாங்குகிறவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் பட்டறைகளுக்கு வரும் ஆர்டர் மெலிந்தது. இந்த மாதிரி நாளில் பக்கத்து வீட்டில் கைமாற்றுக் கேட்க முடியாது, அவரும் நம்மிடம் கேட்க வந்துகொண்டிருப்பார்.

பட்டறை முன்பணம்

கூலிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். கொலுசுப் பட்டறையிலும் தறிப்பட்டறையிலும் பற்று நோட்டு என்று ஒன்று இருக்கும். நீள வாக்கில் மடிக்கிற பழைய கணக்கு நோட்டு. பெயர், அதற்கு நேரே பற்று, வாரா வாரம் பிடித்தது, கடைசிப் பத்தியில் பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் கூலி எண்ணிக் கொடுக்கும்போது முதலாளி அந்தக் கடைசிப் பத்தியைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார். "அண்ணா, பொண்ணுக்குக் காது குத்தோணும், ஒரு இருபது சேத்திக் குடுங்க" என்றால், நல்ல வேலைக்காரனாக இருந்தால், நோட்டில் இன்னொரு வரி ஏறும். வட்டி கிடையாது. கையெழுத்துக்கூடப் பல இடங்களில் கிடையாது. இரவு பதினொரு மணிக்கும் போன் போட்டுக் கேட்கலாம். முதல் கேள்வியில் முன்பணத்துக்கு நூற்றுக்கு நூறு.

ஆனால் வட்டி இல்லை என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 40,000 ரூபாய் பாக்கி, வாரம் 500 பிடிக்கிறார்கள் என்றால் அடைய 80 வாரம். நடுவில் வேறொரு பட்டறைக்காரர் நாளுக்கு 50 ரூபாய் கூடத் தருகிறேன் என்று கூப்பிடுகிறார். போக முடியாது, பாக்கியை அடைத்துவிட்டுப் போ என்பார்கள், அல்லது புது முதலாளி அந்தப் பாக்கியைக் கொடுத்து ஆளை அழைத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள், 300 ரூபாய், 80 வாரத்துக்கு 24,000 ரூபாய் கூலி கண்ணெதிரே போகிறது. அதே 40,000ஐ வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கி அதே வேகத்தில் அடைத்திருந்தால் வட்டி ஏழாயிரத்துச் சொச்சம்தான் ஆகியிருக்கும். வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டிப்போடுவதை 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனால் எந்த நோட்டிலும் அப்படி எழுதியிருக்காது, யாரும் கட்டிப்போட்ட மாதிரியும் பேசமாட்டார்கள். "பாக்கி இருக்குதல்லப்பா" என்ற ஒரு வார்த்தை போதும்.

இரண்டாவது கேள்வியில் முன்பணம் சுத்தமாகத் தோற்றுவிடும். ஆர்டர் இல்லாத மாதத்தில் முதலாளியிடமும் பணம் இல்லை. அவரே வெள்ளிக் கட்டி வாங்க யாரிடமோ நிற்கிறார். பட்டறையில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் அதே வாரத்தில் கேட்கிறார்கள். நமக்கு வேலை போனால்தான் பணம் வேண்டும்; வேலை போனால் இந்தப் பணம் வராது. ஒரு வீட்டுச் செலவுக்குச் சின்னத் தொகை என்றால் வாங்கலாம், ஐந்தாறு வாரத்தில் அடைகிற அளவுக்கு. அதற்கு மேல் போனால் அது நம் கூலிப் பேரத்தை விற்று வாங்கிய பணம்.

ஏலச்சீட்டு

சீட்டு மேல் எனக்குப் பகை கிடையாது. மாதம் 5,000 சேமிக்கவே முடியாத வீட்டை, "இருபதாம் தேதி சீட்டுக்காரக்கா வருவாங்க" என்ற ஒரு பயம் சேமிக்க வைத்துவிடும். அந்தப் பயத்தை எந்த வங்கியும் தராது.

கணக்கைப் பாருங்கள். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. மூன்றாம் மாதம் உங்களுக்கு அவசரம். ஏலத்தில் 25,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து 75,000 போதும் என்று கேட்டு எடுக்கிறீர்கள். அதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மிச்சம் 20,000 எல்லாருக்கும் ஆயிரம் ஆயிரமாகப் பிரியும், ஆக அந்த மாதம் ஆளுக்கு 4,000 கட்டினால் போதும். முதல் மூன்று மாதமும் இதே அளவு தள்ளு போனதாக வைத்துக்கொண்டால், கைக்கு வந்தது 75,000. அதில் நீங்கள் கட்டியதே 12,000. வாங்கிய கடன் 63,000. மிச்சம் 17 மாதமும் சராசரியாக 4,500 கட்டினால் மொத்தம் 76,500. மாத வட்டியாகத் திருப்பிப் பார்த்தால் ரெண்டு வட்டிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும்.

இதையே கடைசி மாதம் வரை எடுக்காமல் இருந்தவருக்கு? 88,500 கட்டி 95,000 வாங்குவார். வருடத்துக்கு ஒன்பது சதவீதம் போல ஆகிறது, எந்த வங்கி வைப்புநிதியையும் விடக் கூடுதல். அதாவது அவசரம் வராதவருக்குச் சீட்டு நல்ல சேமிப்பு. அவசரம் வந்தவருக்கு அது வட்டிக்கடன். திடீர் செலவுக்கென்று சீட்டுப் போடுகிறவர் இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார்.

இன்னொன்று. ஏலம் மாதத்துக்கு ஒருமுறை. ஐந்தாம் தேதி விபத்து நடந்தால் இருபதாம் தேதி வரை காத்திருக்க வேண்டும். அந்த மாதம் ஜூனாக இருந்தால், ஸ்கூல் ஃபீஸுக்கு நாலு பேர் போட்டி போட்டுத் தள்ளுவார்கள். 25,000 போக வேண்டிய தள்ளு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஊரடங்கு மாதிரி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இடி விழுந்தால், எடுத்தவர்கள் கட்டுவதை நிறுத்துவார்கள், எடுக்காதவர்கள் வாசலில் நிற்பார்கள்.

பதிவு செய்த நிறுவனச் சீட்டா, தெருச் சீட்டா என்ற கேள்விக்குப் பதில் சுலபம். 1982ஆம் வருடச் சிட்பண்ட் சட்டப்படி பதிவான சீட்டுக்குப் பதிவாளரிடம் பிணைத்தொகை இருக்கிறது, நடத்துபவர் கமிஷனுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது, தகராறு என்றால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. தெருச் சீட்டுக்கு நடத்துபவரின் நாணயம் மட்டும்தான். ஆனால் நிறுவனச் சீட்டில் ஏலம் எடுத்தபிறகு ஜாமீன்தாரர், சம்பளச் சான்று என்று கேட்பார்கள். வாரக்கூலிக்காரருக்கு அதைத் திரட்டுவதே பாடு.

வீட்டில் இருக்கும் நகை

நகைக்கு இரண்டாவது கேள்வியில் முழு மதிப்பெண். பேட்டையே படுத்துக்கிடந்தாலும் தங்கத்துக்கு விலை உண்டு. பல நெருக்கடிகளில் அது ஏறவும் செய்கிறது. 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அதே விலையேற்றம்தான் கொலுசுக்காரரின் வேலையைக் கெடுத்தது, அதே விலையேற்றம்தான் அவர் வீட்டு அம்மாவின் வளையலுக்குக் கூடுதல் கடனும் வாங்கித் தந்தது.

வங்கியில் வைத்தால் வட்டி வருடத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு லட்சத்துக்கு வருடம் பத்தாயிரம். தெருமுனை அடகுக் கடையில் ரெண்டு வட்டி என்றால் 24,000. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகள், 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்கு வர வேண்டியவை, சின்னக் கடன்காரருக்குக் கொஞ்சம் அனுகூலம்: இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம், கடனை அடைத்தால் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வேண்டும், அவர்கள் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வெள்ளி நகைக்கும் அந்த விதியில் இடம் உண்டு, ஒருவருக்குப் பத்துக் கிலோ வரை. நம் ஊருக்கு இது பெரிய செய்திதான்; ஆனால் உங்கள் கிளையில் வெள்ளி பிடிக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறை எங்கே என்றால், ஞாயிறு இரவு வங்கி திறந்திருக்காது. திங்கள் போனாலும் நகை மதிப்பீட்டாளர் வந்தால்தான் வேலை நடக்கும். கல் வைத்த நகையில் கல்லின் எடை கழியும். எல்லாவற்றையும்விட, கேட்க வேண்டியவர் வீட்டிலேயே இருக்கிறார். "எங்கம்மா போட்ட நகையில கைவெக்காதீங்க" என்ற ஒரு வாக்கியத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் விதி கிடையாது.

இருக்கும் நகையை இரண்டாம் வரிசையாக வைத்துக்கொள்வது நல்ல யோசனை. அவசரத்துக்கென்று புதிதாக நகை வாங்குவது மோசமான யோசனை. செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி எல்லாம் வாங்கிய அன்றே போய்விடும். கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துவிட்டு, 2021இல் ஐந்து சவரன் வரை தள்ளுபடி செய்த மாதிரி மறுபடி செய்வார்கள் என்று வட்டி கட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அது சேமிப்புக் கணக்கில் சேராது, ஜோசியக் கணக்கில் சேரும்.

வங்கிக் கணக்கும் மற்றவையும்

என் ஓட்டு இதற்குத்தான்: வீட்டுச் செலவுக் கணக்கோடு சேராத தனிச் சேமிப்புக் கணக்கு, அதில் ஓர் அளவுக்கு மேல் சேரும் பணம் தானாக வைப்புநிதியாக மாறி, ஏடிஎம்மில் எடுத்தால் தானாக உடைந்து வரும் வசதி. ஸ்டேட் வங்கியில் மல்ட்டி ஆப்ஷன் டெபாசிட் என்பார்கள், மற்ற வங்கிகளில் வேறு பெயர். முழு வைப்புநிதியும் உடையாது. தேவையான அளவு மட்டும் உடையும், மிச்சம் வட்டியோடு நிற்கும். முன்கூட்டி உடைந்த பகுதிக்கு அரை சதவீதமோ ஒன்றோ வட்டி குறையும், அவ்வளவுதான். ஞாயிறு இரவு பதினொன்றுக்கு வரும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, பேட்டை நிலவரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை வைப்புத்தொகைக் காப்பீடும் உண்டு.

இதன் ஒரே ஆபத்து, சுலபமாக எடுக்க முடிவதுதான். போன் செயலியில் இந்தக் கணக்கை இணைக்காதீர்கள். டீக்குக் கியூஆர் ஸ்கேன் செய்யும் கணக்கும் இதுவும் ஒன்றாக இருந்தால் ஆறு மாதத்தில் காணாமல் போகும். ஏடிஎம் அட்டையை வீட்டு பீரோவில் வைத்தால் போதும்.

அஞ்சலகத் தொடர் வைப்பு ஒழுங்கைக் கற்றுத்தரும். மாதம் ஆயிரம் ரூபாய் கட்டினால், 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் 71,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். மகளிர் உரிமைத் தொகையை அப்படியே அதில் விடுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல காரியம். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது; ஒரு வருடம் கட்டியபின் பாதிவரை கடன் வாங்கலாம். முதல் வருடம் அது அவசரத்துக்கு உதவாது.

மகளிர் சுயஉதவிக் குழு உள்கடன், வட்டியும் குழுவுக்கே திரும்புவதால், சின்னத் தொகைக்கு வெளிக்கடனைவிட எவ்வளவோ மேல். குழு 1989இல் தருமபுரியில் தொடங்கிச் சேலத்துக்கும் பரவிய வழி என்பதால் நம் பக்கம் பழக்கமும் அதிகம். குறை சீட்டின் குறையேதான்: எல்லாரும் ஒரே தெரு. லிக்விட் ஃபண்ட் என்ற குறுகிய காலப் பரஸ்பர நிதியில் ஒரு நாளைக்கு 50,000 வரை உடனே எடுக்கும் வசதி சில திட்டங்களில் உண்டு, மிச்சம் அடுத்த வேலை நாள். மாதச் சம்பளக்காரர் இரண்டாம் தவணையாக வைத்துக்கொள்ளலாம். கிரெடிட் கார்டு, ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்லும்போது தேய்த்துவிட்டுத் தவணைத் தேதிக்குள் கட்டிவிட வங்கியில் பணம் இருப்பவருக்கு மட்டும். இல்லாதவருக்கு அது மாதம் மூன்றரை வட்டி. பத்தாயிரம் என்று சொல்லி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து நாளுக்கு நூறு வசூலிக்கும் தண்டலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் கரண்ட் போய், டவர் போனால், ஜிபேயும் போய்விடும். ஐயாயிரம் ரூபாய், அதுவும் நூறும் இருநூறுமாக. அதற்கு மேல் வீட்டில் வைப்பது அரிசிப் பானைக்குள் இருக்கும் வரை பத்திரம்; யாருக்காவது தெரிந்தபின் இல்லை.

காப்பீடு எவ்வளவு சுமக்கும்

வருட வருமானம் 1,20,000க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்காமல் இருந்தால், மற்ற எந்த ஒப்பீடும் வீண். குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் புகைப்படம் எடுத்து முடிக்க ஓரிரு நாள் கூலி போகும். நோய் வந்தபின் ஓடுவதைவிட இப்போது போவது நல்லது. வருமானம் அதைத் தாண்டியவர்கள் தனியார் பாலிசி எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. ஏற்கெனவே உள்ள சுகர், பிரஷருக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம் என்பதால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை.

ஆனால் அட்டை ஆபரேஷனைத்தான் சுமக்கும். பெரியாஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்தால் கூட ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய கூலி போகும், சாப்பாடு, ஓமலூரிலிருந்தோ வாழப்பாடியிலிருந்தோ தினம் வந்துபோகும் பஸ், டிஸ்சார்ஜுக்கு ஆட்டோ, வீட்டில் குழந்தைகளைப் பார்க்க வரவழைத்த அத்தைக்குப் போக்குவரத்து, அதற்கப்புறம் மூன்று மாத மாத்திரை. இலவச சிகிச்சை என்று போன வீடுகள் கடனோடு திரும்புவது இங்கேதான். முதல் இலக்கு எவ்வளவு என்று கேட்டால், இரண்டு பேரின் ஒரு மாதக் கூலியும் இந்தச் சில்லறைச் செலவும் சேர்ந்த தொகை என்பேன். ஆறு மாதச் செலவு என்ற புத்தகக் கணக்கைக் கேட்டு மலைத்துப்போய் ஒன்றுமே தொடங்காதவர்கள்தான் அதிகம்.

மலைமேல் கணக்கு வேறு

ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அவருக்குப் பணம் பழம் பறித்து முடிகிற தை, மாசியில் மொத்தமாக வரும். அடுத்த பறிப்பு வரை அதுதான். மார்ச், ஏப்ரலில் காப்பியைப் பூக்க வைக்கும் பூமழை பொய்த்தால் அடுத்த வருடமும் மெலியும். "மாதம் இவ்வளவு ஒதுக்கு" என்ற அறிவுரைக்கு அங்கே வேலையே இல்லை. விற்ற அன்றே ஒதுக்கியாக வேண்டும்.

அவரிடம் வேறொரு நல்ல வழி இருக்கிறது: மிளகு. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட கொடியில் பறித்து, நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டினால் வருடக்கணக்கில் கெடாது. தேவைப்படும்போது ஒரு மூட்டையை இறக்கி விற்கலாம். விலை இறங்கினாலும் ஒரேயடியாக ஒன்றுமில்லாமல் போகாது. செலவு செய்ய ஆசை வராத சேமிப்பு என்ற வகையில் மிளகு மூட்டையை அடிக்க எதுவும் இல்லை. மலைக் கிராமங்களில் ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஆடும் அப்படித்தான், என்ன, அது தின்னும், நோயும் வரும். மரத்தையே விற்கலாம் என்றால், அனுமதி, வியாபாரி, லாரி என்று நாளாகும், அவசரம் தெரிந்தால் வியாபாரி விலையை இறக்குவார்.

மிளகின் குறை இரவு பதினொரு மணிக் கேள்விதான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் விற்க வேண்டும். மண் சரிந்தால் அதுவும் இல்லை. எனவே மலைவீட்டில் ரொக்கம் கீழ்வீட்டைவிட இரண்டு மடங்கு வேண்டும். பட்டா உள்ளவர்கள் கிசான் கிரெடிட் கார்டு எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் வரை ஈடு கேட்பதில்லை, வரம்பில் ஒரு சிறு பகுதி வீட்டுச் செலவுக்கும் உண்டு, ஒழுங்காகத் திருப்பினால் வட்டி நாலு சதவீதம்.

ஆக, யாருக்கு எது

வாரக்கூலிப் பட்டறை வீட்டுக்கு: காப்பீட்டு அட்டை, ஐயாயிரம் ரொக்கம், தனிச் சேமிப்புக் கணக்கில் முப்பதாயிரம். இவை சேரும் வரை சீட்டு வேண்டாம். அது சேர்ந்தபின் சீட்டுப் போடுங்கள், கடைசி வரை எடுக்காமல் இருக்க அப்போதுதான் முடியும். நகை பின்வரிசையில் இருக்கட்டும். முன்பணம் தாண்டக் கூடாத கோடு எது என்று வீட்டில் இருவரும் பேசி வையுங்கள்.

இரும்பாலை, அரசு வேலை என்று மாதச் சம்பளம் உள்ளவருக்கு: மூன்று மாதச் செலவு தானாக உடையும் வைப்புநிதியில், மிச்சம் லிக்விட் ஃபண்டில். சீட்டு வேண்டுமானால் பதிவானதில். நகையைத் தொட வேண்டிய நிலை வரக் கூடாது. சொந்தமாக நாலு தறி ஓட்டுபவர் இந்த இரண்டுக்கும் நடுவில். அவர் மோட்டார், கூலி, நூல் என்று தொழிலுக்குத் தனியாக ஒரு தொகையும் வீட்டுக்குத் தனியாக ஒன்றும் வைக்காவிட்டால், தறி பழுதான வாரம் வீட்டுப் பணத்தை நூல்காரர் வாங்கிப் போய்விடுவார்.

எந்த வழியை எடுத்தாலும், கணக்கு யார் பெயரில் என்பதைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரே கணக்குக்காரராக இருந்து, பின் நம்பர் அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், இத்தனை ஒப்பீடும் வாசலில் நிற்கும். கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற வகையில் கணக்கை மாற்றச் சொல்லிக் கிளையில் கேளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். பழைய பாஸ்புக்கில் கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரே இன்னும் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.